கந்தீசா: மறுபடி ஒரு கேசட்

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒரு பழைய வாக்மேன் வாங்கினேன். மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டுத்தான் விற்றார்கள். ஒரே ஒரு கேசட்டுக்காக வாங்கினது: இந்தியன் ஓஷன் குழுவின் ‘கந்தீசா’. 2000-இல் டைம்ஸ் மியூசிக் வெளியீடு. அப்போ நான் பி.இ. படிச்சிட்டிருந்தேன், ஸ்பென்சர் பிளாசாவில் வாங்கினேன். யூடியூப்ல இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா அது ஒரு பாட்டு முடிஞ்சதும் வேற எங்கேயோ கூட்டிட்டுப் போயிடும். எனக்கு ஏழு பாட்டையும் வரிசையாக் கேட்கணும்.

அந்த வயசுல ஹாஸ்டலில் நான் சொன்ன விமர்சனம் இன்னும் ஞாபகம் இருக்கு: “நல்லா இருக்கு, ஆனா இது ராக் இல்ல.” காரணம் கிடார். சுஷ்மித் சென் வாசிப்பது அக்கூஸ்டிக் கிடார், டிஸ்டார்ஷனே கிடையாது. மெட்டாலிகா கேட்டு வளர்ந்த காதுக்கு அது பாதி ராக்தான். இப்போ கேட்டா நான் தப்பான இடத்தைக் கவனிச்சிருக்கேன்னு தெரியுது. இந்த ஆல்பத்தின் எடை கீழே இருக்கு. ராகுல் ராமின் பேஸ், அமித் கிலமின் டிரம்ஸ், தபலாவை வாசிச்சுக்கிட்டே பாடுகிற அஷீம் சக்ரவர்த்தி. ‘மா ரேவா’வில் கப்குபி என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியம் குதிச்சுக்கிட்டே வரும், அதுக்கடியில் பேஸ் நடக்கும். நர்மதைக் கரைப் பாட்டு அது. ராகுல் ராம் கார்னெல்லில் முனைவர் பட்டம் வாங்கியவர், நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். ‘ஹில்லே லே’ போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டே எழுதியது. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஆடறதுக்கு நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

எல்லாமே நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ‘க்யா மாலூம்’ இப்போ கொஞ்சம் நீளமாத் தெரியுது. ‘லீவிங் ஹோம்’ அன்னைக்கு உருக வெச்சது, இன்னைக்கு ஏதோ டாக்குமெண்டரிக்குப் பின்னணி மாதிரி ஓடிப் போகுது. (என் பையன் “அப்பா, இது விளம்பர மியூசிக்கா?” என்றான். கோபம் வந்தது, பதில் வரவில்லை.)

தலைப்புப் பாட்டுதான் என்னை இதை எழுத வைத்தது.

என் ரூம்மேட் கோட்டயத்துப் பையன். முதல் தடவை அந்தப் பாட்டு ஓடினப்போ, “டேய், இது எங்க பாட்டி சொல்ற பிரேயர்டா” என்றான். நாங்க சிரிச்சோம். “உங்க பாட்டி ராக் ஸ்டாரா?” என்று கேட்டது நான். அதுக்கப்புறம் நாங்க கோரஸாப் பாடும்போது அவன் சேர்ந்ததே இல்லை. பாட்டு பிடிக்கலை போலன்னு நினைச்சேன்.

கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழி வழிபாட்டிலிருந்து வந்தது அது. கடவுளை மூன்று விதமாப் பரிசுத்தர்னு அழைத்து, இரக்கம் கேட்டு முடிகிற ஜெபம். சிரியாக்கில் ‘கத்தீஷா’, மலையாள நாக்கில் இரட்டை ‘த’ உடைஞ்சு ‘கந்தீசா’ ஆயிடுச்சு. 1960கள் வரை கேரளத்து சீரோ மலபார் கோயில்களில் வழிபாடு சிரியாக்கில்தான் நடந்தது. அதனால பாட்டி கணக்கு சரியாத்தான் வருது.

அந்த மொழியில் கும்பிட்டவங்க விட்டுப்போன கல் ஒன்று பல்லாவரத்திலிருந்து நாலே ஸ்டேஷனில், பரங்கிமலை மேல, மாதா கோயில் பீடத்தில் இருக்கு. 1547-இல் போர்ச்சுக்கீசியர் அஸ்திவாரம் தோண்டினப்போ கிடைத்த சிலுவை. சுற்றி பஹ்லவி எழுத்து. அதே வாசகமுள்ள சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் உண்டு. 1873-இல் பர்னல் தொடங்கி ஆளாளுக்கு ஒரு மாதிரி படிச்சிருக்காங்க. வின்க்வொர்த் படித்தபடி, கிறிஸ்துவிடம் ஒரு சிரியாக்காரருக்காக இரக்கம் கேட்கிற வாசகம் அது. பாட்டும் கல்லும் கேட்பது ஒண்ணே. காலேஜ் நாட்களில் அந்த மலைக்கு எத்தனையோ தடவை ஏறியிருக்கேன், ஏர்போர்ட்ல பிளைட் இறங்கறதைப் பார்க்க.

இது தெரிஞ்சதால பாட்டு நல்லாயிடுச்சா? இல்லை. அப்பவே நல்லா இருந்தது. ஆனா அஷீம் குரலை வேற மாதிரிக் கேட்கிறேன். அவர் எங்கேயும் உச்சிக்குப் போய் வித்தை காட்டுறதில்லை. கெஞ்சுற அளவுக்குத்தான் குரல் எழும்பும். நாங்க அதைக் கத்திப் பாடிக் கெடுத்தோம். அவர் 2009-இல் இறந்துட்டார். அதுக்கப்புறம் மற்றவங்க பாடிய மேடைப் பதிவுகளும் கேட்டேன். சுத்தமாத்தான் இருக்கு, எனக்கு ஒட்டலை.

ரூம்மேட் நம்பரைக் காலேஜ் குரூப்பில் தேடி எடுத்து, சிலுவை போட்டோவை அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சு எதுவும் இல்லை. முழு ஜெபத்தையும் சொல்லியிருக்கான், கிடார் இல்லாம, வேகமா, பஸ் பிடிக்கப் போறவன் மாதிரி.