பிள்ளை மடுவத்தில் மொழி: ஒரு விமர்சன நோக்கு

தோட்டத்துப் பிள்ளைகள் பேச்சு வளமின்றியே முதலாம் வகுப்புக்கு வருகின்றனர் என்னும் கூற்று, கண்டிப் பிரதேசத்துக் கல்விசார் உரையாடல்களில் ஏறக்குறைய ஒரு வாய்பாடாகிவிட்டது. அதனை மறுப்போரும் பெரும்பாலும் இரக்கவுணர்வினாலேயே மறுக்கின்றனர். இரக்கம் ஆய்வாகாது. கூற்றின் அடிப்படையையே நாம் வினாவுக்குட்படுத்த வேண்டியுள்ளது.

இக்கருத்து நம் மண்ணில் மட்டும் முளைத்ததன்று. பிரித்தானியச் சமூகவியலாளர் பசில் பேர்ன்ஸ்ரைனின் ஆய்வுகளைத் துணைக்கொண்டு, உழைக்கும் வர்க்கப் பிள்ளையின் மொழியே குறைபாடுடையது என்றொரு வாதம் 1960களில் மேலைநாடுகளில் எழுந்தது. 1969இல் வில்லியம் லாபோவ் இதற்கு விடையிறுத்தார். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதிக் கறுப்பினச் சிறுவனொருவன், பரீட்சகர் முன்னிலையில் ஓரிரு சொற்களுக்கு மேற் பேசவில்லை. பின்னர் அதே பரீட்சகர் உருளைக்கிழங்குப் பொரியலுடன் வந்து, சிறுவனின் தோழனையும் உடனழைத்துத் தரையில் அமர்ந்தபோது, இருவரும் போட்டியிட்டுப் பேசினர். முன்னர் அளக்கப்பட்டது பிள்ளையின் மொழியன்று; அதிகாரத்தின் முன் அது காட்டிய மௌனமே. நமது முதலாம் வகுப்பு ஆசிரியர்களும் இந்த மௌனத்தையே அளந்துகொண்டிருக்கின்றனர் என்பது எமது கருத்து.

தெல்தோட்டைக் கடைவீதியிலே நான்கு வயதுப் பிள்ளையொன்று கேட்கும் ‘தாத்தா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். லயத்துத் தமிழில் அது பாட்டனைக் குறிக்கும். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை. சிங்கள அயலாரிடத்தோ தந்தையை. யார் யாரிடம் பேசும்போது எப்பொருள் என்பதை, ஒருவரும் கற்பியாமலே பிள்ளை பிரித்தறிகிறது. கொழுந்து, கவ்வாத்து, படங்கு, மட்டக்கம்பு, பெரட்டு ஆகிய சொற்களும் அதன் காதுக்குப் பழகியவை. இவற்றுள் எத்தனை முன்பள்ளிச் சுவர்ப் படங்களிலே இடம்பெறுகின்றன? சொல் இல்லாத பிள்ளை என்கிறோம். அதன் சொற்களைக் கேட்கும் முறையை நாம் வகுத்ததில்லை.

முன்பள்ளிப் பாடல்களின் பிரச்சினை இவ்விடத்தே எழுகிறது. கவிமணி, நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், அழ. வள்ளியப்பா ஆகியோர் சிறுவர் பாடலைப் பண்டித நடையினின்றும் மீட்டமை வரலாற்று முக்கியத்துவமுடைய பணியாகும். ஆயினும் புலவரின் ஆடிப்பிறப்பும் கூழும் கொழுக்கட்டையும் யாழ்ப்பாணத்து வாழ்வின் விளைபொருள்கள். அவற்றை ஹந்தானை மலைச்சரிவுப் பிள்ளைக்குப் பாடிக் காட்டுவதிலே தவறில்லை. அவற்றை மட்டுமே பாடிக் காட்டுவது தவறு. அதனினும் பெரிய தவறு, பாடல் யாவும் ஒப்புவித்தலாகிவிட்டமை. இருபது பிள்ளைகள் ஒரே குரலில் இராகமிழுப்பது விழா மேடைக்கு அழகாயிருக்கலாம். அதிலே எந்தப் பிள்ளையும் தன் வாக்கியமொன்றைக் கட்டுவதில்லை.

இப்போக்கின் வேர் ஆழமானது. பிள்ளைத்தமிழ் மரபினை நோக்குக. செங்கீரைப் பருவத்தின் ‘கீர்’ என்பதற்குச் ‘சொல்’ எனப் பொருள்கூறி, மழலை தோன்றும் பருவமாக அதனை விளக்குவோர் உளர். தாலப் பருவத்துத் ‘தால்’ நாவினையே குறிப்பது. பேச்சின் உறுப்பையும் தொடக்கத்தையும் இவ்வளவு நுட்பமாகக் கண்ட மரபு, பத்துப் பருவத்திலும் பிள்ளையைக் கேட்போனாகவே வைத்திருக்கிறது; கவிஞர் பாடுகிறார், பாட்டுடைத் தலைவன் மறுமொழி சொல்வதில்லை. வாய்மொழி மரபு இதற்கு மாறானது. விடுகதையும், கேள்வியும் பதிலுமாய் அமையும் விளையாட்டுப் பாட்டும் பிள்ளையின் முறை வரும்வரை காத்திருப்பவை. சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுத்தமை இலக்கியச் சேவை மாத்திரமன்று. முன்பள்ளி ஆசிரியர் கையிலிருக்க வேண்டிய கருவியொன்றையும் அவர் தந்துசென்றார்.

மொழி, உயர்ந்த சிந்தனையாக உள்ளே குடிகொள்ளுமுன், இருவருக்கிடையிலான உறவாக வெளியே நிகழ்கிறது என்பது வைகொட்ஸ்கியின் அடிப்படைக் கண்டுபிடிப்பு. அவ்வுறவுக்கு நேரமும் ஆளும் வேண்டும். காலைப் பெரட்டுக்குப் புறப்படும் தாய், பிள்ளையை மடுவத்தில் விட்டுச் செல்கிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் கூலி குறையும். ‘பிள்ளையுடன் அதிகம் பேசுங்கள்’ என்று அவளுக்குப் புத்தி கூறுவது, உற்பத்தி முறையின் சுமையை அவள் தலையிலேயே மீண்டும் ஏற்றுவதாகும். பகல் முழுதும் பிள்ளையோடிருப்பவர் மடுவத்து ஆயம்மா. அவர் பால் கரைப்பவராகவும் துணி மாற்றுபவராகவும் மட்டும் கருதப்படும்வரை, மடுவம் பிள்ளைகளைக் காக்கும் இடமாகவே இருக்கும். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபின், மடுவங்களுக்குச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்ற பெயர் வந்தது. பெயருக்கேற்ப ஆயம்மாவின் பயிற்சியும் ஊதியமும் உயர்ந்தனவா என்பதே கேட்கப்பட வேண்டியது.

எல்லா மௌனமும் சமூக மௌனமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, ‘அவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்’ என்று விட்டுவிடலாகாது. முதலிற் பரிசோதிக்க வேண்டியது செவிப்புலனை. காதில் சீழ் வடிதலைச் சாதாரணமாக எண்ணும் வழக்கம் நம்மிடையே கொடியது. இருமொழிச் சூழல் பேச்சைத் தாமதப்படுத்தும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஆயினும், வீட்டிலே தமிழை விட்டு ஆங்கிலமோ சிங்களமோ மட்டும் பேசுமாறு கண்டி நகரப் பெற்றோருக்கு ஆலோசனை கூறுவோர் இன்றும் உளர். தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவள் பிள்ளையோடு பேசத்தொடங்கினால் பேச்சு சுருங்கும். கதையும் கேலியும் கண்டிப்பும் இல்லாமற்போகும். ஆங்கிலப் பிள்ளைக்கு வகுத்த சோதனையை மொழிபெயர்த்து நம் பிள்ளையை அளப்பதும் இதனோடொத்த பிழையே. வேற்றுமையுருபுகளும் வினைமுற்று விகுதிகளும் ஆங்கிலச் சோதனையில் இடம்பெறமாட்டா. தமிழ்ப் பிள்ளையின் வளர்ச்சியோ அவற்றிலேதான் முதலிற் புலப்படும்.

ஹந்தானை அடிவாரத்திலே மொழியியலும் தமிழும் கற்பிக்கும் பல்கலைக்கழகம் 1952 முதல் இயங்குகிறது. நடந்து செல்லும் தூரத்தில் லயங்கள் உள்ளன. தமிழ்ச் சங்க மாணவர் ஓராண்டு, வாரமொருமுறை, பெற்றோரின் இசைவுடன் ஒரு மடுவத்தின் பேச்சைப் பதிவுசெய்யலாம். ஆயம்மாவை அப்பணியின் கூலிபெறும் உடனாய்வாளராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பிள்ளை விளையாட்டிற் பேசுகிறது, எது அங்கும் பேசாதிருக்கிறது என்பதை அவரே முதலில் அறிவார்.