புழுதியில் விதைத்தவர்கள்

சங்க மலரில் நான் எழுதும் கட்டுரைக்கு 'வேதம், விசுவாசம், மீட்பின் நம்பிக்கை' என்று தலைப்பும் கொடுத்து, பக்கமும் ஒதுக்கி, நாளும் குறித்துவிட்டார் நம் சங்கச் செயலாளர். தட்ட முடியாத இடம். இறையியல் எழுதத் தகுதியுள்ள பெரியவர்கள் சங்கத்தில் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வேதத்தை நம் சனங்களுக்கு வாயால் சொன்னவர்களின் வழி. அதை எழுதுகிறேன்.

மதுரை மிசனின் முன்னோடி தத்துவ போதகரிலிருந்து தொடங்கும் வரிசையை அங்கத்தினர்களுக்கு நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. மதுரை மிசன் வழி, தரங்கம்பாடி - தஞ்சை வழி, நெல்லை வழி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது நம் வழக்கம். எந்த வழிக்காரர் என்பதை அவர் கடவுளை அழைக்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். கத்தோலிக்கரான எங்கள் பாட்டிமார் 'சருவேசுரன்' என்றார்கள். பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்த்த வேதத்தில் வளர்ந்தவர்களுக்கு 'பராபரன்'. 1871இன் ஐக்கியத் திருப்புதல் வந்தபின் 'தேவன்'. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடிச் செய்து 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'கடவுள்'. மீட்புக்கும் அப்படித்தான். சீர்திருத்த சபைகளில் இரட்சிப்பு, எங்கள் பழைய செபப் புத்தகத்தில் ஆத்தும ஈடேற்றம். ஈடேற்றம் என்ற சொல்லில் ஏறுகிற சிரமம் தெரிகிறது என்பார் என் ஆசிரியர். இரட்சிப்புக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

தஞ்சை வழிக்கு வேதநாயகம் சாஸ்திரியார் ஒருவர் போதும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிசனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையில் தஞ்சைக்கு வந்து, தொண்ணூறை நெருங்கும் வயதுவரை பாட்டிலேயே வேதம் சொன்னவர். பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்த துணிச்சல் வேறு யாருக்கு வரும்? நெல்லை மிசனரி ரேனியுஸ் ஐயர் வேதத் தமிழைத் திருத்த முனைந்தபோது சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். பழகிய வேதச் சொல்லைச் சட்டையைப் போல மாற்றக் கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. நெல்லை வழியில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்று, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் பயணக் கதை கம்பன் நடையில் நடந்தது. அதைப் பற்றி நெல்லை அன்பர்கள் இம்மலரில் எழுதுவார்கள். நான் புகுந்து கெடுக்கவில்லை.

எங்கள் வழிக்கு வருகிறேன். நம் மாவட்டத்து ஆவூர் மதுரை மிசனின் பழைய தளம். தெற்கே பாம்பாற்றங்கரை ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் வேதத்துக்காகத் தலை கொடுத்தார். பின்னால் வந்த வீரமாமுனிவரை 'தேம்பாவணி'யின் 3,615 பாடல்களுக்காக உலகம் போற்றுகிறது. எங்களுக்கு அவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியவர். குருமார் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம் என்றிருந்த ஊர்களில் வேதத்தைத் தாங்கியவர்கள் வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். பூசை லத்தீனில் நடந்த காலம் முழுவதும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரைக்கும், சனங்களின் காதில் விழுந்த தமிழ் பெரும்பாலும் உபதேசியாரின் தமிழ்தான். அவர்களுக்கென்று தனியே ஓர் ஒழுக்க நூல் எழுதினாரே முனிவர், அதிலிருந்தே அந்தப் பொறுப்பின் கனம் தெரியவில்லையா?

என் ஆசிரியரும் ஓர் உபதேசியார். ஆவுடையார்கோவிலுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர்களைச் சைக்கிளில் சுற்றியவர். ஞாயிறு வாசகத்தைச் சனிக்கிழமை இரவே மூன்று தடவை சத்தமாக வாசிப்பார். கேட்பவர் அவர் மனைவி. அந்த அம்மா அடுப்படியிலிருந்து "என்ன சொன்னிய?" என்று கேட்டுவிட்டால் நாலாவது தடவை. புரியவில்லை என்றால் பிழை காதில் இல்லை, வாயில் என்பது அவர் கட்சி.

ஒருநாள் மாணவர்களான எங்களை ஆவுடையார்கோவிலின் பெரிய கோவிலுக்கு அழைத்துப் போய், கல் கூரைச் சாய்ப்பான கொடுங்கையின் கீழே நிறுத்தினார். எது வேண்டுமானாலும் செய்து தருகிறோம், ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக என்று பழைய சிற்பிகள் எழுதிக்கொடுப்பார்களாம், ஊரறிந்த பேச்சு. "கல்லுதான், ஆனா கனம் தெரியுதா பாரு. வேதம் சொல்றவன் இப்படிச் சொல்லணும்" என்றார். அந்தக் கோவிலோடு சேர்த்துப் பேசப்படும் மாணிக்கவாசகரை வாதவூரடிகள் என்றுதான் சொல்வார். திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்த போப் ஐயரின் பெயரைச் சொல்லும்போது தோள் துண்டு கைக்கு வந்துவிடும்.

மழை பொய்த்த ஒரு புரட்டாசி. நம் பக்கத்து விவசாயம் தெரியும். நாற்றங்கால் இல்லை, ஈரத்துக்குக் காத்திருப்பதும் இல்லை. காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். அந்த ஞாயிறு உரோமையர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரம். கண்ணுக்குத் தெரியாததை எதிர்நோக்கிப் பொறுமையாகக் காத்திருப்பதைப் பவுலடியார் சொல்லும் இடம். வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, "விதைச்சாச்சா?" என்றார். "விதைச்சாச்சுங்க ஐயா" என்றார்கள் நாலைந்து பேர். "நானும் விதைச்சிருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிரசங்கம் அவ்வளவுதான். மழை வரும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வருடம் வரவும் இல்லை. அடுத்த ஆவணியில் மறுபடி உழுதோம்.

மீட்பின் நம்பிக்கை என்பதை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். கைக்கு வந்த பலனை எண்ணிப் பார்ப்பது நம்பிக்கை அல்ல. விதைநெல்லை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நம்பிக்கை.

இன்றைக்கு வேதம் சொல்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. நல்ல குரல், நல்ல உழைப்பு. யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனால் செல்போனைப் பார்த்து வேதம் வாசிப்பது எப்போது தொடங்கியது? ஓர் ஊர்த் திருவிழாவில், ஊர் எது என்று சொல்லமாட்டேன், எசாயா வாசகம் பாதியில் இருக்கும்போது வாசித்தவரின் கையிலிருந்த வேதமே மணியடித்தது. சினிமாப் பாட்டு. அவர் அதை அணைத்துவிட்டு எந்த வசனத்தில் விட்டோம் என்று விரலால் தேடினார். செபத்துக்கு அடியில் கீபோர்டு இழுத்துக்கொண்டே இருக்கிறது. மைக்கில் எக்கோ. ஒரு முறை சொன்ன அல்லேலூயா நாலு முறை திரும்பி வருகிறது. ழகரம் போய்விட்டது. 'வாழ்வு' என்று எழுதியிருப்பதை 'வால்வு' என்று வாசித்தால் கேட்கிறவன் மோட்டார் ரிப்பேர் என்றல்லவா நினைப்பான்? மீட்பும் ஒரு பட்டியலாகிவிட்டது: வீசா, வேலை, மனைக்கட்டு. வரம்பில் நின்று மழைக்குத் தேதி சொல்கிறார்கள். மூன்று தடவை வாசித்துப் பார்க்காதவன் வாசகமேடையில் ஏறக் கூடாது, அச்சடித்த புத்தகம் கையில் இருக்க வேண்டும், ழகரத்துக்குப் பரீட்சை வைக்க வேண்டும், எக்கோ பொத்தானைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நம் சங்கம் ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். அருளானந்தர் ஓரியூரில் தலை கொடுத்தது இதற்காகவா?

கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று எனக்கே தெரிகிறது. செயலாளர் எதை வெட்டினாலும் சம்மதம், எக்கோவைத் தவிர.

வேதம் சொல்வதற்குப் பெரியவர்கள் அளவுகோல் கேட்டால் என் ஆசிரியர் வைத்ததைத்தான் சொல்வேன். பிரசங்கம் எப்படி என்று கோவில் வாசலில் அவர் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை காலையில் சைக்கிளை வரப்போரம் நிறுத்தி, யார் யார் ஏர் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவார்.