கழிவுநீரைத் தெளியவைக்கும் கலை

தெஹிவளைக் கால்வாயும் வெள்ளவத்தைக் கால்வாயும் கடலைச் சேரும் கரையோரத்தில், அந்நீர்நிலைகளின் நலம் வீட்டுக் கழிவுநீர் போய்ச்சேரும் இடத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்த் தொகுதி, பின்னர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் நீண்ட குழாய்கள் வழியே கழிவைக் கடலுக்குள் செலுத்திக் கால்வாய்களின் சுமையைக் குறைத்ததேயன்றி, அதனைத் தூய்மைப்படுத்தவில்லை. தெஹிவளைக்குத் தெற்கே இரத்மலானையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நிறுவிய சுத்திகரிப்பு நிலையம் அடுத்த படியைக் காட்டுகிறது.

இத்தகைய நிலையங்களில் குப்பையைக் கம்பித் தடுப்பும் மணலைப் படிவுத் தொட்டியும் பிரித்தபின், காற்றூட்டப்படும் தொட்டியில் பற்றீரியாக்கள் கரைந்துள்ள அழுக்கை உண்டு பெருகி, திரள்களாகி, அடுத்துள்ள தொட்டியின் அடியில் படிகின்றன. அப்படிவின் ஒரு பகுதி மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்பப்படும் இம்முறை 'கிளர்வுற்ற சேற்று முறை' எனப்படுகிறது. 1914இல் மன்செஸ்ரரில் ஆடன், லொக்கெற் ஆகியோர் அறிவித்த இம்முறையின் அழகு, ஆறு மெல்லச் செய்யும் வேலையைச் சில மணிநேரத்தில் முடிப்பதிலுள்ளது.

அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் நுகரும் ஒட்சிசனின் அளவே 'உயிரிரசாயன ஒட்சிசன் தேவை'. அது மிகுந்தால் மீன்கள் மூச்சின்றி மடியும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இலங்கையின் நியமம். எனினும், நிலத்தடிக் குழாயில் இணையாத வீட்டின் கழிவை எந்த நிலையத்தாலும் தெளியவைக்க இயலாது. ஆகவே கால்வாயின் காவல் வீட்டு இணைப்பிலேயே தொடங்குகிறது.