சிரிக்கும் பொம்மை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

லிண்ட்சே ஆண்டர்சனின் ‘ஓ ட்ரீம்லேண்ட்’ பன்னிரண்டு நிமிடப் படம். இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் உள்ள ட்ரீம்லேண்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் 1953இல் எடுக்கப்பட்டது. விவரிக்கும் குரல் கிடையாது, பேட்டி கிடையாது. ஓர் இயந்திரப் பொம்மை உடம்பை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறது. கேமரா எங்கே போனாலும் அந்தச் சிரிப்பு பின்னாலேயே வருகிறது. கூண்டு விலங்குகள், பிங்கோ, காசு போட்டு ஆடும் இயந்திரங்கள், வரிசையில் நின்று வாங்கும் சாப்பாடு. சித்திரவதைகளைப் பொம்மைகளால் நடித்துக் காட்டும் ஒரு கண்காட்சியும் உண்டு. அந்த ஆண்டு ஜூனில்தான் அமெரிக்கா ரோசன்பர்க் தம்பதியை மின்நாற்காலியில் கொன்றிருந்தது. அதற்குள் அந்தச் சாவும் அங்கே ஒரு காட்சிப்பொருள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்.

படம் வலுவானது, மறுக்கவே முடியாது. ஆனால் முடிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பொம்மை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? இந்த மட்டமான சரக்கை விற்கிறவனையா, காசு கொடுத்து வாங்குகிறவனையா?

இந்தக் கேள்வி நமக்கு ஏன் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இலக்கியத்துக்குள் வருகிற பலருக்கும் முதலில் கைவருவது வெகுஜன ரசனையைத் திட்டுவதுதான். திட்ட நிறைய இருக்கிறது, நானும் திட்டுகிறவன்தான். ஆனால் பொழுதுபோக்கைத் திட்டும்போது, அதற்குப் போகிற மனிதர்களையும் சேர்த்து எங்கே தள்ளுகிறோம் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்கரை நகரங்களைப் பற்றி வந்த மூன்று படைப்புகளை அதற்காகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கடற்கரைகளுக்கு யார் போனார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்பூலை எடுத்துக்கொள்வோம். அங்கே ரயில் வந்தது 1846இல். சுற்றிலும் இருந்த லங்காஷியர் ஊர்களில் பஞ்சாலைகள் ஆண்டுக்கு ஒரு வாரம் மொத்தமாக மூடப்படும். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். ஊரே கிளம்பி ரயில் ஏறும். ஆலையில் பக்கத்துத் தறியில் நிற்கிறவள் கடற்கரையிலும் பக்கத்துப் பாயில்தான். பெரும்பாலோருக்கு அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டமே 1938இல்தான் வந்தது. அதுவரை வருஷம் முழுக்கச் சேமிப்புக் குழுக்களில் சில்லறையாகக் கட்டிய காசுதான் அந்த ஒரு வாரம். தங்கும் விடுதிகளில் மேசைமேல் இருக்கும் உப்பு, மிளகுக்கும் தனியாகக் கணக்கெழுதிய காலம் அது.

அந்தக் காசுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது? கடலுக்குள் நீளும் மூன்று பியர்கள். 1894இல் திறந்த 158 மீட்டர் கோபுரம், பாரிஸின் ஐஃபல் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. அதன் அடியில் சர்க்கஸ். 1899இல் திறந்த நடன அரங்கில் பொன்வேலைப்பாடு, ஓவியம் தீட்டிய விதானம், சரவிளக்குகள். சாதாரண நாளில் ஒரு நெசவுக்காரி அப்படிப்பட்ட மாளிகைக்குள் காலெடுத்து வைக்க வேறு வழியே இருந்திருக்காது. வெளியே கழுதைச் சவாரி, பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம், நடுவில் ஊர்ப்பெயர் எழுதிய ‘ராக்’ மிட்டாய். குச்சியை எங்கே கடித்தாலும் எழுத்து தெரியும். அந்த எழுத்துகளைப் பெரிதாகக் கையாலேயே அடுக்கி, தடித்த உருளையாக்கி, பிறகு மெல்லியதாக இழுப்பார்கள். அதுவும் ஒரு தொழிலாளியின் கைவேலைதான்.

இவ்வளவு இருந்தும் படித்தவர்களுக்கு இந்த இடங்கள் எப்போதும் இளக்காரம்தான். விதிவிலக்காக ஜார்ஜ் ஆர்வெல் 1941இல் டொனால்ட் மெக்கில்லின் கடற்கரை அஞ்சலட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பருத்த மனைவி, ஒல்லிக் கணவன், இரட்டை அர்த்த ஜோக் என்று போகும் அட்டைகள் அவை. மட்டமானவை என்பதை ஆர்வெல் ஒளிக்கவில்லை. ஆனால் எல்லாருக்குள்ளும் உட்கார்ந்திருக்கும், வீரனாகவோ புனிதனாகவோ இருக்க மறுக்கிற ஒரு குட்டி மனிதனின் குரல் அதில் கேட்கிறது என்றார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1954இல், அதே மெக்கில்லை ஆபாசக் குற்றத்துக்காக லிங்கன் நகர நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதம் போட்டார்கள். சட்டம் செய்ததைவிட ஆர்வெல் செய்தது பெரிய காரியம். பிடிக்காத ஒன்றைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தார்.

ஆண்டர்சன் உட்காரவில்லை என்பதுதான் என் குறை. பெங்களூரில் ராணுவ அதிகாரியின் மகனாகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர் அவர். ‘ஓ ட்ரீம்லேண்ட்’ 1956 பிப்ரவரியில் லண்டனில் ‘ஃப்ரீ சினிமா’ இயக்கத்தின் முதல் நிகழ்ச்சியில் காட்டப்பட்டது. மக்களின் முக்கியத்துவத்திலும் அன்றாடத்தின் அர்த்தத்திலும் தங்களுக்கு நம்பிக்கை உண்டென்று அந்த இயக்கத்தின் அறிக்கை சொன்னது. படத்தில் அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது? கேமரா முகங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் போகிறது. ஆனால் யாரையும் பேச விடவில்லை. ஒரு முகத்துக்கு மேல் பொம்மையின் சிரிப்பை ஒட்டிவிட்டால் அந்த முகம் முட்டாளாகத்தான் தெரியும். யார் முகமானாலும் சரி, உங்கள் முகமோ என் முகமோ ஆனாலும் அப்படித்தான். களைப்பாக இருக்கிறார்கள், உண்மை. அந்தக் களைப்பை ட்ரீம்லேண்ட் கொடுத்ததா, அதற்கு முந்தைய ஐம்பது வாரம் கொடுத்ததா என்று படம் கேட்பதில்லை. சரக்கைப் பற்றி ஆண்டர்சன் சொன்னது அவ்வளவும் சரி. வாங்குகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

முப்பது வருடம் தள்ளிப் போவோம். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள கடற்கரை ஊர் நியூ பிரைட்டன். ஒரு காலத்தில் அங்கே பிளாக்பூலைவிட உயரமான கோபுரம் இருந்தது. முதல் உலகப் போரின்போது பராமரிக்க ஆளில்லாமல் துருப்பிடித்து, போருக்குப் பின் பிரித்தே எடுத்துவிட்டார்கள். லிவர்பூல் படகும் 1971இல் நின்றுபோனது. அந்த ஊரில்தான் மார்ட்டின் பார் 1983 முதல் 1985 வரை வண்ணப் புகைப்படங்கள் எடுத்தார். ‘தி லாஸ்ட் ரிசார்ட்’ என்று 1986இல் புத்தகமாக வந்தது. பட்டப்பகலிலும் ஃப்ளாஷ். ஐஸ்கிரீம் வழிந்த குழந்தை முகங்கள். நிரம்பி வழியும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே சாப்பிடும் குடும்பங்கள். மண் அள்ளும் இயந்திரத்தின் சக்கரப் பட்டைக்கு முன்னால் குப்புறப் படுத்து வெயில் காயும் ஒரு பெண்.

தொழிலாளர்களைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார் என்று பார்மேல் கடுமையான விமர்சனம் வந்தது. நானும் பாதி அந்தக் கட்சிதான். அந்த ஃப்ளாஷ் ஒரு பருவையும் ஒரு சாஸ் கறையையும் மன்னிக்காது. ஆனால் பார் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு தகவலைத் தள்ளிவிட முடியவில்லை. லிவர்பூலில் படங்களைக் காட்டியபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லையாம். லண்டனில் காட்டியபோதுதான் ரகளை. உள்ளூர்க்காரர்கள் பார்த்தது தங்களுக்குத் தெரிந்த கடற்கரையை. லண்டன்காரர்கள் பார்த்தது ‘அவர்களை’. அப்போது பார் அந்தப் பகுதியிலேயே குடியிருந்தார் என்பதும் முக்கியம். அந்தப் படங்களில் குப்பைக்கு நடுவிலும் அம்மாக்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள், வெயிலை ஒரு பொட்டு வீணாக்காமல் அனுபவிக்கிறார்கள். குப்பையை அள்ளாதது அவர்கள் குற்றமா? தாட்சர் ஆட்சியில் வேலை போய்க்கொண்டிருந்த ஒரு பகுதியைக் கைவிட்டது யார் என்று அந்தத் தொட்டியே கேட்கிறது. ஆண்டர்சனிடம் இல்லாத ஒன்று இது. இருந்தும் பாரின் மனிதர்களும் வாய் திறக்கவில்லை. புகைப்படத்தின் எல்லை அது, பார் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது படைப்பில் எல்லாரும் பேசுகிறார்கள், சில சமயம் ஒரே நேரத்தில். குரிந்தர் சதா இயக்கி, மீரா சியால் எழுதிய ‘பாஜி ஆன் தி பீச்’, 1993. பர்மிங்காமில் இருந்து ஆசியப் பெண்கள் குழு ஒன்று ஒரு நாள் சுற்றுலாவாகப் பிளாக்பூலுக்கு வேன் ஏறுகிறது. கணவனின் அடி தாங்காமல் மகனோடு வெளியேறிய கிந்தர், மருத்துவம் படிக்கப் போகிற நேரத்தில் கறுப்பினக் காதலனால் கர்ப்பமான ஹஷிதா, பையன்களைத் தேடும் இரண்டு பதின்வயதுப் பெண்கள், இவர்களை எல்லாம் பார்த்து முகம் சுளிக்கும் மூத்த பெண்கள். வழியில் வெள்ளைக்கார இளைஞர்களின் இனவெறிச் சீண்டலும் உண்டு.

படத்தில் குறைகள் இருக்கின்றன. ஒரே நாளுக்குள் அளவுக்கு மீறிய கதைகள். ஆண்கள் பலரும் ஒற்றை வரியில் முடிந்துபோகிறார்கள். ஆனாலும் இந்தக் கேளிக்கை நகரம் எதற்குப் பயன்படுகிறது என்று எனக்குச் சொன்னது இந்தப் படம்தான். கடை நடத்தி ஓய்ந்துபோன நடுவயது ஆஷாவை ஆம்ப்ரோஸ் என்கிற வயதான வெள்ளைக்கார நடிகர் ஊர் சுற்றிக் காட்டுகிறார். அந்தக் காலத்து நாடகமும் கலையும் போய்விட்டதே என்று அங்கலாய்க்கிறார். ஆஷா அவரை இந்திப் படக் கதாநாயகனாக்கிக் கனவு காண்கிறாள். கனவில் மழை பெய்கிறது, அவர் பூசிய பழுப்பு நிறம் கரைந்து வழிகிறது. சிரிப்பு வந்தாலும் வலிக்கிற இடம் அது.

அதைவிட முக்கியமானது ஆண்கள் ஆடை களைந்து ஆடும் கிளப் காட்சி. ரசனை மட்டம் என்று நாம் முதலில் அடித்துத் திருத்தக்கூடிய இடம். அங்கேதான் கிந்தரின் மேல்சட்டை உருவப்படுகிறது, கையில் இருக்கும் காயங்கள் தெரிகின்றன. அதுவரை ‘குடும்பத்தை உடைத்தவள்’ என்று பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் பார்த்துவிடுகிறார்கள். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ இது நடந்திருக்காது. அங்கே எல்லாரும் எல்லாரையும் கண்காணித்துக்கொண்டிருப்பார்கள். கூச்சலும் மலிவான விளக்கும் உள்ள, தெரிந்தவர் யாரும் இல்லாத ஓர் ஊருக்கு ஒரு நாள் வந்ததால்தான் ஓர் உண்மை வெளியே வர இடம் கிடைத்தது.

அதற்காகப் பிளாக்பூலைச் சதா புனிதமாக்கவில்லை. சீண்டலும் அங்கே இருக்கிறது, அடிக்கிற கணவனும் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிடுகிறான். ஆனால் அவரது கேமரா பெண்களோடு வேனுக்குள் உட்கார்ந்து வந்தது. அவர்கள் எதை விட்டு ஒரு நாள் தப்பித்து வந்தார்கள் என்று அதற்குத் தெரியும். ஆண்டர்சனின் படத்தில் எனக்குக் கிடைக்காத தகவல் அது ஒன்றுதான்.

வெகுஜனப் பொழுதுபோக்கைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சரக்கு மட்டமென்றால் மட்டம் என்றே எழுதுங்கள், தாட்சண்யம் வேண்டாம். ஆனால் வரிசையில் நிற்கிற ஒருவரிடமாவது, வாரத்தின் மற்ற ஆறு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.