ஒரே கட்டிக்கு மூன்று தீர்ப்புகளா?

பழனியில் ஒரு பெண்ணின் கழுத்தில் சிறு கட்டி தென்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் அறிக்கையில், "தைராய்டில் 1.2 செ.மீ. கட்டி" என்று ஒரே வரி. அதைப் பார்த்து உள்ளூர் மருத்துவர், "கவலை வேண்டாம்" என்கிறார். திண்டுக்கல்லில் ஒருவர் ஊசிப் பரிசோதனை வேண்டும் என்கிறார். மதுரையில் மூன்றாமவர் அறுவையே நல்லது என்கிறார். யார் சொல்வது சரி?

வாசகர்களே, மூவரையும் குறைகூறுமுன் அந்த ஒற்றை வரியைப் பாருங்கள். குறை அங்கேதான் தொடங்குகிறது.

தைராய்டுக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஐயத்துக்குரியது எது என்பதை அளவு மட்டும் காட்டிவிடாது. கட்டி கெட்டியானதா, நீர் நிறைந்ததா? சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருமையாகத் தெரிகிறதா? அகலத்தைவிட ஆழம் மிகுதியா? விளிம்பு ஒழுங்கற்றதா? உள்ளே வெண்புள்ளிகள் உண்டா? இந்த ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, கட்டியை ஐந்து படிகளில் ஒன்றில் வைக்கும் 'டைராட்ஸ்' முறையை அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்டது. அதன்படி ஊசிப் பரிசோதனைக்கு, மூன்றாம் படிக் கட்டி 2.5 செ.மீ. எட்ட வேண்டும், நான்காம் படிக்கு 1.5, ஐந்தாம் படிக்கு 1 செ.மீ. போதும்.

ஆகவே அதே 1.2 செ.மீ. கட்டி மூன்றாம் படியானால் விட்டுவிடலாம். நான்கானால் இடைவெளி விட்டுக் கவனித்து வரலாம். ஐந்தானால் ஊசி தேவை. படி எழுதாத அறிக்கை, எடைக்கல் இல்லாத தராசு.

"மிகையாகத் தேடினால் நல்லதுதானே?" என்பீர்கள். தென் கொரியாவில் நோய்க்குறி இல்லாதவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் பரவியது. 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு தைராய்டுப் புற்று 2011-ல் கண்டறியப்பட்டது. இறப்போ குறையவில்லை. சுரப்பியை முழுதும் இழந்தவர் ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டும். சிலருக்குக் குரல் நரம்பும் பழுதாகிறது.

டைராட்ஸும் குறையற்றதன்று. ஒரே படத்துக்கு இருவர் வெவ்வேறு மதிப்பெண் இடுவதுண்டு. ஆனால் எழுதி வைத்தால்தான் வேறுபாடு வெளியே தெரியும், திருத்தவும் முடியும். திண்டுக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் எடுக்கும் ஸ்கேனுக்கும் அங்கே எடுக்கும் ஸ்கேனுக்கும் ஒரே அறிக்கைப் படிவம் ஏன் கூடாது? இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

அதுவரை நீங்களே கேளுங்கள்: "இது எத்தனையாம் படி? டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா?" குரல் கம்மினாலும், கட்டி விரைந்து வளர்ந்தாலும், கழுத்தில் நெறி கட்டினாலும் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள். மற்றவர்கள் கத்திக்கு அவசரப்பட வேண்டாம்.