பட்டினத்தடிகளும் ஈன்றாள் கடனும்

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தடிகள் அடங்கிய திருவிடம் இன்றும் அன்பர்கள் வழிபட விளங்குகின்றது. அவ்வூரைச் சார்ந்த சாத்தாங்காட்டில் இந்நாளில் இரும்புச் சந்தை பரந்து கிடக்கின்றது. பெற்றோரைச் சேய்மையில் விடுத்துத் தொழில் நாடி வந்து, ஈண்டே மக்களைப் பெற்று வளர்ப்போர் இப்பகுதியிற் பலர். இத்தகையோர்க்குக் குடும்பத் தொடர்பு பற்றி அடிகள் உரைப்பது யாது என்பது ஆராயத்தக்கது.

‘தாயும் தாரமும் மக்களும் பொய்’ என்பதே அடிகள் கொள்கையெனப் பலர் கருதுவர். அக்கருத்தைக் கொண்டு இல்லறக் கடமையை நெகிழவிடுவாரும் உளர். அதுபற்றியே அடிகளை அன்பிலாதவர் எனப் பழிப்பாரும் உளர். இருதிறத்தாரும் அவர் பாடல்களை முற்ற நோக்காதவரே. பதினொராந் திருமுறையிற் காணப்பெறும் பட்டினத்துப் பிள்ளையாரும் இவரும் வேறாவர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. ஈண்டு எடுத்துக்கொள்வன பிற்காலத்தவர்க்கு உரியனவாக வழங்கும் பாடல்களே.

முதற்கண் உடற்கூற்று வண்ணத்தை நோக்குக. தாய்தந்தையர் கூட்டத்திற் கரு அமைவது முதல், உடல் ஒருபிடி நீறும் இலாததாவது வரை மக்கள் வாழ்வு முழுவதும் அதன்கண் இடையறாது ஓடுகின்றது. குழவி தவழ்கின்றது, காளையாகின்றது, மணம் புரிந்து பொருள் தேடுகின்றது, முதுமையுற்று நாத் தளர்கின்றது. இறுதியில் இளமைந்தர் குனிந்து தந்தையைச் சுமந்து செல்கின்றனர். தொடக்கத்தில் தாய் சுமந்தாள். முடிவில் மக்கள் சுமக்கின்றனர். ஒரு தலைமுறையின் முடிவு மறுதலைமுறையின் தோளில் அமைகின்றது. இத்தொடர்ச்சியை ஒரே மூச்சில் ஓடும் வண்ணத்தில் அமைத்தமை அப்பாட்டின் சிறப்பாம்.

இனி, தாயின் ஈமத்திற் பாடிய பத்துப் பாடல்களைக் காண்க. துறவு பூண்ட பின்னரும் ஈன்றாட்குக் கொடுத்த வாக்கின்படி அடிகள் வந்து, பச்சை வாழை அடுக்கித் தீ மூளப் பாடினர் என்பது வழிவழி வரும் வரலாறு. வேறிடங்களில் அருவருப்புக்குரியதென உடம்பை இழித்துரைத்த அந்நாவே, இங்குத் தாயின் மார்பையும் தோளையும் தன்னை வளர்த்த இடங்களாக எண்ணி எண்ணி உருகுகின்றது. அவ்விழித்துரைகளுட் பெண்டிரைப் பழிக்கும் சில கடுமை மிக்கன என்பதை மறைத்தல் வேண்டா. ஆயின் அவற்றை இப்பத்தோடு ஒருங்கு வைத்தே அடிகள் உள்ளத்தை அளத்தல் முறையாகும். முப்புரத்தில் இட்ட தீ, இலங்கையில் இட்ட தீ, அன்னை அடிவயிற்றில் இட்ட தீ என அடுக்கி, அவற்றோடு தாம் இடும் தீயையும் அடிகள் சேர்க்கின்றனர். உலகறிந்த பெருந்தீ இரண்டன் வரிசையில் ஒரு தாய் மூட்டிய தீயை வைத்தவரை அன்பிலாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், நிலையாமை கூறியதும் தாய்க்கு உருகியதும் தம்முள் முரணாவோ எனின், ஆகா. சைவ சித்தாந்தத்தில் மாயை இல்பொருளன்று, உள்பொருள். தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிரின் மலப்பிணி நீங்குதற்பொருட்டு இறைவன் அம்மாயையினின்றும் கூட்டி அளிப்பன. உயிர்க்கு உடம்பு வரும் வாயில் தாய்தந்தையர். அவ்வாயில் நிலையற்றது, ஆயினும் பொய்யன்று. நிலையற்றதை நிலையென மயங்குதல் குற்றம். அருளால் வந்ததைப் போற்றாமை அதனினும் பெருங்குற்றம். வண்ணம் முதற்குற்றத்தை விலக்குகின்றது. ஈமப்பாடல் இரண்டாவதனை விலக்குகின்றது. வண்ணம் தம்மை ஆண்டருளுமாறு இறைவனை வேண்டி முடிகின்றது. ஈமப்பாடலோ, நேற்றிருந்த தாய் இன்று நீறாயினமை கூறி, பால் தெளிக்க யாவரையும் அழைத்து, எல்லாம் சிவமயம் எனத் தெளிகின்றது. இரண்டும் சென்றடையும் இடம் ஒன்றே.

ஆகவே, அடிகளைச் சான்றுகாட்டி முதிர்ந்த பெற்றோரைக் கைவிடுவார், அவர் பாடலிற் பாதியையே கற்றவராவர். அனைத்தையும் துறந்த அப்பெருமான் துறவாது போற்றிய கடன் ஈன்றாள் கடன் ஒன்றே. இல்லத்தில் இருப்போர் அதனைத் துறத்தற்கு யாது இயைபுண்டு?