எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர் (நாவல்)

எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர், ஆங்கில எழுத்தாளர் ஹோலி ஜாக்சனின் முதல் நாவல். இளையோருக்கான துப்பறியும் நாவலாக 2019-ல் வெளிவந்தது. 2024-ல் பிபிசி இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது.

கதை லிட்டில் கில்டன் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆண்டி பெல் என்னும் மாணவி காணாமல்போனாள், உடல் கிடைக்கவில்லை. அவளுடைய காதலன் சால் சிங் அவளைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டான் என்று ஊர் நம்புகிறது. பள்ளி ஆய்வுத்திட்டத்துக்காக இவ்வழக்கைக் கையிலெடுக்கும் பிப், சாலின் தம்பி ரவியுடன் சேர்ந்து விசாரிக்கிறாள்.

பிப்பின் குறிப்பேடு, பேட்டிப் பதிவுகள், சந்தேகத்துக்குரியோர் பட்டியல் ஆகியவை கதைக்கு நடுவே அப்படியே வருகின்றன. அவள் அறிவதை வாசகரும் உடனுக்குடன் அறிவதால் ஊகிக்கும் விளையாட்டு நேர்மையாக நடக்கிறது. அதிகாரம் ஏதுமில்லாத மாணவி என்பதால் அவள் பொய் சொல்லியே தகவல் பெறவேண்டியிருக்கிறது. நெருங்கிய தோழியின் அக்காவையும் சந்தேகிக்க நேர்கிறது. நல்ல பெண் என்ற தலைப்பு அங்கே கேலியாக ஒலிக்கத் தொடங்குகிறது.

நாவலின் வலு புதிரில் இல்லை, சிங் குடும்பத்தின் நிலையில் இருக்கிறது. ஆண்டியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அனுதாபம், மகனை இழந்த இந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. தீர்ப்பே வராத வழக்கில் சாலைக் கொலைகாரன் என்று எழுதியது ஏன் என உள்ளூர்ப் பத்திரிகையாளரைப் பிப் கேட்கும் பேட்டி நாவலின் சிறந்த பகுதிகளில் ஒன்று. ஆனால் இனவெறுப்பு பற்றிய அந்த இழையை ஜாக்சன் தொடர்ந்து பின்னவில்லை. பிற்பகுதியில் ஆளுக்கொரு ரகசியம் என்று சந்தேக நபர்கள் பெருகுகிறார்கள். குற்றவாளியே நீளமாக விளக்கிச்சொல்லும் பழைய உத்தியில்தான் முடிச்சும் அவிழ்கிறது.

அமெரிக்கப் பதிப்பில் கதைக்களம் கனெக்டிகட் மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. ஆங்கிலேயச் சிற்றூரின் மூச்சுமுட்டும் நெருக்கத்தை அறிய மூலப் பதிப்பையே வாசிக்கவேண்டும்.